கடைசிப் பத்து நிமிட நீதியை நம்பாதீர்கள்

கேள்வி: திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்து வெளியேறிய ஏழெட்டுப் பேர் உப்புவெளியில் ஒரு சினிமா வட்டம் நடத்துகிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு படம் போட்டுப் பேசுவார்கள். அடுத்த மாதம் ‘கிட்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்தைப் போட்டு, என் இப்போதைய மாணவர்களையும் கூப்பிட வேண்டுமாம். இளைஞர்களின் உண்மை வாழ்க்கையை இப்படித் துணிந்து சொன்ன படம் வேறு இல்லை என்கிறார்கள். எனக்கோ, பிள்ளைகளின் உடம்பையும் சீரழிவையும் காசாக்கிவிட்டு அதற்குச் சமூக விமர்சனம் என்று பெயர் சூட்டுவதாகவே படுகிறது. சொன்னால், “ரீச்சர் பழைய ஆள்” என்கிறார்கள். இதே வட்டம் பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றும் எடுக்கப் போகிறது. ரியூசனுக்குப் போகும் பதினாறு வயதுப் பிள்ளையின் வீடியோ வட்ஸ்அப்பில் பரவுவதும், பொடியன்களின் ஐஸ் போதைப் பழக்கமும்தான் கதை. சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். எது விமர்சனம், எது சுரண்டல் என்று எப்படிப் பிரிப்பது? அந்தப் படத்தைக் காட்டலாமா? குறும்படத்தில் என் மாணவி ஒருத்தியை நடிக்க விடலாமா?

— ஓர் ஆசிரியை, திருகோணமலை

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

பிந்திய இரண்டு கேள்விகளுக்கும் உடனே விடை சொல்லிவிடலாம். ‘கிட்ஸ்’ படத்தை மாணவர்களுக்குக் காட்ட வேண்டாம். குறும்படத்தில் அந்தப் பதினாறு வயதுப் பிள்ளையின் வேடத்தில் பதினெட்டு நிறையாத எவரும் நடிக்க வேண்டாம். காரணங்கள் வழியில் வரும்.

முதற் கேள்விதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் வைக்கிற மாதிரி வைத்தால், வட்டத்துப் பொடியன்கள் உங்களை இலேசாக மடக்கிவிடுவார்கள். உடம்பு தெரிகிறது, தூஷணம் பேசுகிறார்கள், போதை இருக்கிறது, ஆகவே சுரண்டல் என்ற வாதம் நிற்காது. இவை ஒன்றுமே இல்லாமல், குடும்பத்தோடு பார்க்கிற படம் என்ற பெயரோடு, பள்ளிச் சீருடைப் பிள்ளையை ஒரு கதாநாயகன் பின்னாலேயே துரத்துவதைக் காதல் என்று விற்ற தமிழ்ப் படங்கள் எத்தனை? மறுபக்கம், நடப்பதைத்தானே காட்டுகிறார்கள் என்ற அவர்களின் வாதமும் நிற்காது. நடப்பது தானாக வந்து கமராவுக்குள் விழுவதில்லை. எந்த உயரத்தில் கமரா, எத்தனை செக்கன், யாருடைய முகம், எங்கே வெட்டு என்று ஒவ்வொன்றையும் ஒருவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானங்களை விசாரிப்பதுதான் நம்முடைய வேலை.

விசாரிக்க மூன்று இடங்கள் உண்டு: திரை, படப்பிடிப்புத் தளம், விற்பனை. இயக்குநரின் நோக்கத்தை நான் நான்காவதாகக்கூடச் சேர்ப்பதில்லை. காரணம் பழையது.

1934இல் ஹொலிவூட் தன் தணிக்கை விதிகளை இறுக்கிய பிறகு, போதை, பாலியல் நோய், மணமாகாத கர்ப்பம் போன்றவற்றைப் பெரிய ஸ்ரூடியோக்கள் தொட முடியவில்லை. சின்ன முதலாளிகள் தொட்டார்கள். அவர்களுக்குக் கேடயம், ‘இது கல்விப் படம்’ என்பது. படம் தொடங்கும்போதே, இந்தச் சமூகப் புற்றை அம்பலப்படுத்தவே இதை எடுத்தோம் என்று எழுத்து ஓடும். ஓடி முடிந்ததும் கூட்டம் எதைப் பார்க்க வந்ததோ அது தொடங்கும். குரோகர் பாப் தயாரித்த ‘மாம் அன்ட் டாட்’ (1945) இதில் கெட்டிக்காரப் படம். பெண்களுக்கு ஒரு காட்சி, ஆண்களுக்கு வேறு காட்சி. படத்தின் நடுவே எலியட் ஃபோர்ப்ஸ் என்ற சுகாதார நிபுணர் எழும்பிப் பேசுவார். பேச்சு முடிய மண்டபத்துக்குள்ளேயே புத்தகம் விற்பார்கள். ஒரே இரவில் பல ஊர்களில் பல எலியட் ஃபோர்ப்ஸ்கள் பேசினார்கள், ஏனென்றால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

இன்னொன்று, கஞ்சாவை எதிர்த்துப் பெற்றோருக்கு எச்சரிக்கையாக 1936இல் எடுத்த படம். ‘உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். டுவெய்ன் எஸ்பர் என்ற வியாபாரி அதை வாங்கி, வெட்டி ஒட்டி, கிளுகிளுப்புப் படமாக ஊரூராக ஓட்டினார். ‘ரீஃபர் மாட்னஸ்’ என்று இன்றைக்குத் தெரிவது அதுதான். 1970களில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள், கஞ்சாவுக்கு ஆதரவானவர்களே, அதைப் போட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எச்சரிக்கை, கிளுகிளுப்பு, பகிடி என்று ஒரே சுருளுக்கு மூன்று பிறவி. எடுத்தவரின் நோக்கத்தை வைத்து இதில் எதைத் தீர்மானிப்பது?

இனி ‘கிட்ஸ்’. லாரி கிளார்க் இயக்கி 1995இல் வந்தது. திரைக்கதை எழுதிய ஹார்மனி கொரின் அப்போது பத்தொன்பது வயதுக்காரர். நியூயோர்க் தெருவில் ஸ்கேட்போட் ஓடித் திரிந்த பொடியன்களையே நடிக்க வைத்தார்கள். ஒரே நாளில் நடக்கும் கதை: எச்.ஐ.வி. தொற்றிருப்பது தெரியாமல் ஒரு பொடியன் சின்னப் பிள்ளைகளைத் தேடித் திரிகிறான். அவனால் தொற்றுக்கு ஆளான பிள்ளை ஒருத்தி அவனைத் தேடித் திரிகிறாள். எயிட்ஸ் பயம் உச்சத்திலிருந்த காலம். பெற்றோருக்கு இது எச்சரிக்கை மணி என்று பாராட்டியவர்களும் உண்டு, அருவருப்பு என்று தள்ளியவர்களும் உண்டு. பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பார்க்கக்கூடாது என்ற கடைசித் தரம்தான் கிடைத்தது. வெளியிட இருந்த மிராமக்ஸ் கம்பனி அப்போது டிஸ்னியின் சொத்து, அந்தத் தரத்தில் ஒரு படத்தை டிஸ்னி வெளியிட விடாது. ஆகவே மிராமக்ஸை நடத்திவந்த வைன்ஸ்டைன் சகோதரர்கள் புதிதாக ஒரு விநியோகக் கம்பனி தொடங்கி, தரச்சான்று இல்லாமலே படத்தை வெளியிட்டார்கள். தடை என்ற பேச்சே விளம்பரமாயிற்று.

திரையில் பார்த்தால், இந்தப் படத்துக்குச் சார்பாகவும் சொல்ல இருக்கிறது. பொடியன்கள் தங்களுக்குள் பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசும் பேச்சையும், அதே நேரம் பெண்பிள்ளைகள் வேறொரு அறையில் பேசும் பேச்சையும் மாறி மாறி வெட்டிக் காட்டும் பகுதி கூர்மையானது. பொடியன்களின் வீறாப்பு எவ்வளவு பொய் என்று ஒரு வசன விளக்கமும் இல்லாமல் அந்தத் தொகுப்பே காட்டிவிடுகிறது. அது விமர்சனம். ஆனால் கடைசிப் பகுதியில் மயங்கிக் கிடக்கும் பிள்ளை மீதான வன்முறையை நீட்டிக் காட்டும்போது, நமக்குப் புதிதாக என்ன தெரிகிறது? நடக்கப்போவது முதல் கணத்திலேயே தெரிந்துவிட்டது. மீதி நேரம் யாருக்காக? பெரியவர்கள் ஏறக்குறைய இல்லாத உலகம் அது. கைவிடப்பட்ட பிள்ளைகள் என்ற கூற்று என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பெரியவர்களைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால், காரணம் என்ற ஒன்றைத் தேட வேண்டிய வேலையும் மிச்சம்.

தளத்தைப் பார்த்தால் கணக்கு இன்னும் மோசம். நடித்தவர்களில் சிலருக்கு அப்போது பதினெட்டு நிறையவில்லை. முக்கிய இளைஞர்களில் இருவர் பின்னாளில், 2000இலும் 2006இலும், இளம் வயதிலேயே இறந்துபோனார்கள். அதற்குப் படம்தான் காரணம் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் படத்தால் சிலருக்குப் பெயரும் தொழிலும் கிடைக்க, தங்களுக்குக் கிடைத்த சொற்பக் காசையும் படத்துக்குப் பின் யாரும் திரும்பிப் பார்க்காததையும் மற்றவர்கள் பேசும் ஆவணப்படம் ஒன்று 2021இல் வந்தது. உங்கள் வட்டம் ‘கிட்ஸ்’ பற்றிப் பேச விரும்பினால், பதினெட்டு தாண்டியவர்கள் மட்டும் இருந்து இந்த இரண்டு படங்களையும் சேர்த்துப் பேசட்டும். தெருவின் உண்மையைத் தந்தவர்களுக்குத் தெரு மட்டுமே மிஞ்சியது என்றால், அந்தப் படம் எதைச் சாடியதோ அதையே தானும் செய்திருக்கிறது. இது என் தீர்ப்பு. பொடியன்கள் மறுக்கலாம், மறுக்க அவர்களுக்கு ஆதாரம் வேண்டும்.

மூன்றாவது இடமான விற்பனைக்கு 2020இன் ‘கியூட்டீஸ்’ விவகாரத்தைவிட நல்ல பாடம் இல்லை. மய்மூனா டுக்கூரே இயக்கிய பிரெஞ்சுப் படம். பதினொரு வயதுப் பிள்ளைகளை இணையம் எப்படி முந்திப் பழுக்க வைக்கிறது என்பதே கரு. சண்டான்ஸ் விழாவில் இயக்குநர் விருது பெற்றது. பிரெஞ்சுப் போஸ்டரில் பிள்ளைகள் கடைத்தெருவில் பைகளோடு கும்மாளம் போட்டு ஓடினார்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் போஸ்டருக்கு அவர்களை நடன உடையில், பெரியவர்களின் தோரணையில் நிறுத்தியது. எதிர்ப்பு வெடித்ததும் மன்னிப்புக் கேட்டு மாற்றியது. படம் எதைக் குற்றம் சாட்டியதோ அதைப் போஸ்டர் அப்படியே செய்தது. அதற்காகப் படம் முற்றிலும் தப்பிவிடவில்லை. நடனக் காட்சிகளில் கமரா பிள்ளைகளின் உடம்புக்கு நெருங்கும் அளவுக்கு நெருங்க வேண்டிய தேவை இருந்ததாக எனக்குப் படவில்லை. பார்ப்பவரைக் கூச வைப்பதற்காகவே அப்படி எடுத்தார் என்பார்கள். கூசாதவர்களும் பார்ப்பார்களே!

இதன் மறுபுறத்தையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். வர்ஷா பரத் இயக்கிய ‘பேட் கேர்ள்’ படத்தின் முன்னோட்டம் 2025 ஜனவரியில் வந்தபோது, படத்தைப் பார்க்காமலேயே தீர்ப்பு எழுதினார்கள். படம் செப்டம்பரில்தான் திரைக்கு வந்தது. முன்னோட்டத்தை வைத்து முன்னோட்டத்தை மட்டும்தான் தீர்க்கலாம்.

தணிக்கை நமக்கு இதில் உதவுமா? அதிகம் இல்லை. தணிக்கையாளர் கேட்கும் கேள்வி வேறு. திருகோணமலைப் பின்னணியிலேயே சஞ்சீவ புஷ்பகுமார எடுத்த சிங்களப் படம் ‘இகிலென மாளுவோ’ (2011). 2013இல் கொழும்பில் ஒரு பிரெஞ்சுத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டதும் தடைபட்டது. அதில் இளம் பிள்ளைகளின் பாடு நிறைய உண்டு. ஆனால் தடைக்குச் சொன்ன காரணம் படையினரின் சீருடைக்கு இழுக்கு என்பதே. அசோக ஹந்தகமவின் ‘அக்ஷரய’ விடயத்தில் மட்டும் சரியான கேள்வி கொஞ்சமாவது எழுந்தது: வயது வந்தோருக்கான சான்று கிடைத்த பிறகும் 2006இல் அது தடுக்கப்பட்டபோது, குளியலறைக் காட்சியில் சிறுவனை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டார்கள். இயக்குநர் குற்றச்சாட்டை மறுத்தார். கேள்வி நல்லது, அதைக் கேட்டவர்களின் நோக்கம் எல்லாம் பிள்ளையின் நலன்தானா என்பது வேறு கதை.

இனி வகுப்பில் செய்யக்கூடியது. ‘கிட்ஸ்’ தேவையில்லை. தொலைக்காட்சியில் பட்டப்பகலில் போகிற ஒரு தமிழ்க் கல்லூரிப் படத்தில் மூன்று நிமிடம் போதும். இரண்டு பாடவேளை, எண்பது நிமிடம் ஒதுக்குங்கள். விஎல்சி பிளேயரில் முதலில் ஒலியை அணைத்து ஒருமுறை ஓட விடுங்கள். இரண்டாம் முறை ஷொட் ஷொட்டாக நிறுத்தி எழுதச் சொல்லுங்கள். கீபோர்ட்டில் ஆங்கில ‘ஈ’யை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும், வெட்டு விழும் இடம் துல்லியமாகப் பிடிபடும். தாளில் ஐந்து நிரல்: ஷொட் இலக்கம், செக்கன், கமராவின் உயரம், சட்டகத்துக்குள் உடம்பின் எந்தப் பகுதி, இது யாருடைய பார்வை. மூன்று நிமிடத்தில் நாற்பது ஐம்பது ஷொட் வரும், ஆகவே குழுவுக்குப் பத்தாகப் பிரித்துக் கொடுங்கள். மூன்றாம் முறை திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் இசை குதூகலிக்கிறது, எந்த இடத்தில் சிரிப்பொலி வருகிறது என்று குறியுங்கள்.

பிறகு கூட்டிப் பாருங்கள். முகம் இல்லாத ஷொட் எத்தனை? அவை ஆணுக்கு எத்தனை, பெண்ணுக்கு எத்தனை? ‘யாருடைய பார்வை’ என்ற நிரலில் எவருடைய பெயரும் எழுத முடியாத ஷொட்கள் இருக்கும். கதைக்குள் நிற்கும் எவரும் அந்த இடத்திலிருந்து பார்த்திருக்க முடியாது. அந்த ஷொட் நேராகச் சீட்டு வாங்கியவருக்காக எடுத்தது. இந்த ஒரு நிரலே பாதி விவாதத்தை முடித்துவிடும்.

இந்தப் பயிற்சி பிழைக்கிற இடமும் உண்டு. பிள்ளைகள் தோலை எண்ணத் தொடங்குவார்கள்: கை தெரிகிறது, கால் தெரிகிறது என்று. அப்படிப் போனால் ரீச்சர் தணிக்கை அதிகாரியாகிவிடுவார். எண்ண வேண்டியது பார்வையை. இன்னொன்று, கலவன் வகுப்பில் பெண்பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள், பின்வாங்குப் பொடியன்கள் மட்டும் பேசுவார்கள். முதல் பதினைந்து நிமிடம் பெயரில்லாத துண்டுகளில் எழுதி வாங்கி, நீங்களே வாசியுங்கள். சத்தம் அடங்கும், விஷயம் வரும்.

ஒப்பிட்டுக் காட்ட ஒரு காட்சி வேண்டுமென்றால், ஃபிரான்சுவா த்ருஃபோவின் ‘400 அடிகள்’ (1959) படத்தில் மனநல ஆலோசகர் சிறுவன் அந்துவானைக் கேள்வி கேட்கும் பகுதியைப் போடுங்கள். ஆலோசகரின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை, குரல் மட்டும். மேசைக்கு அப்பால் இருக்கும் பொடியன்மேல் கமரா அசையாமல் நிற்கிறது. ஏன் களவெடுத்தாய், ஏன் பொய் சொல்கிறாய் என்று போய், பெண்ணோடு படுத்ததுண்டா என்றும் கேள்வி வருகிறது. பொடியன் ஒரு சிரிப்புச் சிரித்து, வெட்கமும் வீறாப்புமாக ஏதோ சொல்லிச் சமாளிக்கிறான். கைகள் மேசையில் சும்மா இருக்க முடியாமல் அலைகின்றன. நடித்த ஷான் பியேர் லெயோ பதின்ம வயதுச் சிறுவன். பதில்களைப் பெரும்பாலும் அவனே தன் வாயால் சொன்னான். பதின்ம வயதின் காமமும் தனிமையும் வீட்டின் கதையும் அந்தச் சில நிமிடத்துக்குள் வந்துவிடுகின்றன. அந்தப் பிள்ளையிடமிருந்து எதுவும் உரிக்கப்படவில்லை. அதிர்ச்சி கொடுக்காமல் உண்மை சொல்ல முடியாது என்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

திரையிடல் பற்றி இரண்டு வரி. ஊரவர்களை அழைத்துப் பொதுவில் காட்டினால், 1912இன் பழைய கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் தணிக்கைச் சபையின் சான்று வேண்டும். வட்டத்துக்குள் காட்டுவதும் பொதுக்காட்சியாகுமா என்ற சந்தேகம் இருந்தால், பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் முன்கூட்டிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குறும்படத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் ஒன்று கண்ணில் குத்தியது. பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, உடுப்பு என்ன நிறம் என்பதுகூட இருக்கிறது. வீடியோ எடுத்தவனுக்குப் பெயரே இல்லை. ‘ஒருவன்’ என்றிருக்கிறது. வீடியோ திரையில் தெரிகிறது, பொடியன்கள் சிரிக்கிறார்கள், தாய் அடிக்கிறாள், கடைசியில் பிள்ளை கடலை நோக்கி நடக்கிறாள், ‘பெண்பிள்ளைகளே, கவனம்’ என்று எழுத்து விழுகிறது. கடைசிப் பத்து நிமிட நீதி என்று நான் சொல்வது இதைத்தான். முழுநீளப் படத்தில் இரண்டு மணி நேரம் ரசித்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தில் தண்டிப்பார்கள். இங்கே கடைசி ஒரு நிமிடத்தில். தண்டனை விழுவது எப்போதும் ஒரே தலையில். ‘துள்ளுவதோ இளமை’ (2002), ‘பாய்ஸ்’ (2003) காலத்திலிருந்து இளைஞர் பிரச்சினை என்று வந்த படங்களில் எத்தனையோ இந்த முடிவுக் கணக்கைக் காட்டித்தான் தப்பித்தன. முடிவில் புத்தி சொன்னதால் நடுவில் செய்தது கழிந்துவிடாது.

அந்த வட்ஸ்அப் காட்சியை எடுத்துப் பார்ப்போம். ஒன்றரை நிமிடக் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கத்தில் உள்ளபடி எடுத்தால், வீடியோ முழுத்திரையில் எட்டு செக்கன் வரும். அந்த எட்டு செக்கனில் பார்வையாளரும் அந்தக் குழுவில் ஒருவராகிவிடுவார். பிறகு எத்தனை நிமிடம் அழுதாலும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

வேறு விதமாக எடுக்கலாம். வீடியோ ஒரு ஃபிரேம்கூட வேண்டாம். ரியூசன் கொட்டிலில் பின்வரிசை. ஒரு போன் அதிர்கிறது. அதன் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. திரையின் வெளிச்சம் முகத்தில் விழுகிறது. பார்க்கிறவன் முதலில் சிரிக்கவில்லை, சுற்றிப் பார்க்கிறான். அந்தச் சுற்றிப் பார்த்தலில் நிறுத்துங்கள், ஐந்து செக்கன். பிழை என்று அவனுக்குத் தெரியும் என்பது அங்கே பதிவாகிறது. பிறகு பெருவிரல் மட்டும்: யாருக்கு அனுப்புவது என்று பெயர்ப் பட்டியலில் ஓடி, ஒரு பெயரில் தயங்கி, அழுத்துகிறது. அடுத்த மேசையில் அதிர்வு. அதற்கடுத்ததில். முன்வரிசையில் பிள்ளை கரும்பலகையைப் பார்த்துக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். பின்னால் அதிர்வு ஒவ்வொன்றாக நெருங்குகிறது. மாஸ்டர் திரும்புகிறார், கேட்டும் கேட்காதவர் மாதிரி மறுபடி பலகைக்குத் திரும்புகிறார். இப்போது ஆறு பேருக்கு முகமும் பெயரும் பொறுப்பும் வந்துவிட்டது, பெரியவர் ஒருவர் உட்பட.

திரை வெளிச்சத்துக்கு உண்மைப் போன் போதாது, கமராவில் முகம் இருட்டாகவே விழும். கைக்குள் அடங்கும் சின்ன எல்ஈடி டோர்ச்சுக்கு எண்ணெய்க் கடதாசியை இரண்டாக மடித்து ஒட்டி, நாடிக்கு ஒரு சாண் கீழே பிடியுங்கள். அதிர்வு ஒலியைத் தனியாக மரமேசையில் வைத்துப் பதிவு செய்யுங்கள்.

ஐஸ் பகுதிக்கும் இதே கேள்விதான். உங்கள் சுருக்கத்தில் பாவிக்கிறவனின் முகம் குளோசப்பில் இருக்கிறது, விற்கிறவன் இருட்டில் ஒரு முதுகு. அந்த முதுகு யாருடையது, காசு எங்கே போகிறது, ஏன் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்தும் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை என்பதில் ஒன்றையாவது தொடாத படம் அதைச் சமூக விமர்சனம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. எப்படிப் பாவிப்பது, என்ன விலை, எந்தச் சந்தியில் கிடைக்கும் என்பவை தெரியும்படி எதையும் எடுக்க வேண்டாம்; அது வழிகாட்டியாகிவிடும். ஐஸுக்குப் பதிலாகக் கற்கண்டுத் தூளைப் பையில் போட்டுக்கொண்டு வீதியில் படம் எடுப்பதானால், முதல் நாளே பொலிஸ் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்து, அதன் பிரதியை ஆளுக்கொன்று கையில் வைத்திருக்கட்டும். கோட்டைக்குள்ளும் துறைமுகப் பக்கமும் படையினர் இருக்கும் இடங்கள், அனுமதி இல்லாமல் கமராவைத் தூக்கவே வேண்டாம். கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் பொடியன்கள் கூடிநிற்கும் காட்சி இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. அங்கே நிற்கும் இளைஞர்களை வெறும் காவாலிகளாகக் காட்டும் ஷொட்டை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவர்கள் யோசித்தார்களா?

கடலை நோக்கி நடக்கும் முடிவை எடுத்துவிடச் சொல்லுங்கள். தற்கொலையைத் தீர்வாகவோ பழிவாங்கலாகவோ காட்டுவதும், முறையையும் இடத்தையும் காட்டுவதும், ஏற்கெனவே உடைந்திருக்கும் பிள்ளையைத் தள்ளிவிடும். அவளை அடுத்த நாளும் வகுப்புக்கு வர வையுங்கள். அந்த முடிவுதான் பார்க்கிறவர்களுக்குச் சங்கடம். படத்தின் கடைசி அட்டையில் புத்திமதிக்குப் பதில் இரண்டு இலக்கங்கள்: சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மனநல உதவிக்கு 1926.

நடிப்பவர் விடயம். தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவு பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் ஆபாசமான படப்பிடிப்பில் ஈடுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. நல்ல நோக்கத்தோடு எடுத்தோம் என்பதை நம்பி அதன் விளிம்புக்குப் போக வேண்டாம். ஒத்திகைக்காகக்கூட அப்படியொரு வீடியோ எவருடைய போனிலும் இருக்கக் கூடாது. பதினெட்டிலிருந்து இருபது வயதுக்குள், சின்னத் தோற்றமுள்ள ஒருவரைத் தேடுங்கள். அடையாள அட்டையில் பிறந்த திகதியைப் பார்த்த பிறகே பேச்சு. சீருடை வெறும் வெள்ளையாக இருக்கட்டும். எந்தப் பாடசாலையின் ரையும் பட்ஜும் வேண்டாம்.

வகுப்பில் பின்னணியாக இருக்க உங்கள் மாணவர்கள் வரலாம். பெற்றார் ஒருவரின் கையொப்பமும் பிள்ளையின் கையொப்பமும் தனித்தனியே வாங்குங்கள். பொதுவான சம்மதக் கடிதம் போதாது. அந்தப் பிள்ளை வரும் பக்கத்தையே பிரதி எடுத்து இணைக்க வேண்டும், அப்போதுதான் பிறகு “இப்படியொரு படமென்று சொல்லவில்லையே” என்ற பேச்சு வராது. முதற் தொகுப்பைக் காட்டிய பிறகு இரண்டு கிழமைக்குள் எவரும் தன் பகுதியை நீக்கச் சொல்லலாம், காரணம் கேட்கப்படாது என்று கடிதத்திலேயே எழுதுங்கள். மாலை ஆறுக்குள் அனுப்பிவிடுங்கள். படக்குழுவில் இல்லாத பெரியவர் ஒருவர், பெண்ணாக இருந்தால் நல்லது, முழு நேரமும் இருக்கட்டும். தளத்தில் எல்லாருடைய போனும் ஒரு பெட்டிக்குள். வட்ஸ்அப்பில் பரவும் வீடியோவைப் பற்றிய படத்தின் திரைமறைவுக் காட்சி வட்ஸ்அப்பில் பரவினால் அதைவிடக் கேவலம் இல்லை.

நடிக்கும் பிள்ளைக்கு உண்மையான ஆபத்து படம் வெளியான பிறகுதான். சின்ன ஊர். வேடத்தின் பெயரால் கூப்பிடுவார்கள், ஓட்டோ ஸ்ராண்டில் சிரிப்பார்கள். ஆகவே முதற் காட்சி அவளுடைய வீட்டாருக்கு. இரண்டாவது அவள் படிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தில், அவளும் மேடையில் இருந்து பேசும்படி. அதன் பிறகே பொதுவில்.

யூடியூப்பில் ஏற்றும்போது அது தானாக மூன்று முகப்புப் படங்களைத் தெரிந்து தரும். அதில் எது அதிகம் அமுக்கப்படும் என்று பொடியன்களுக்கு நன்றாகத் தெரியும். பெண்பிள்ளையின் அழுத முகம் இருந்தால் அதைத்தான் எடுப்பார்கள். அதை விடாதீர்கள். பெயர்ப் பட்டியலில் தயங்கும் பெருவிரலின் படத்தைத் தனியாக ஏற்றச் சொல்லுங்கள். தலைப்பில் ‘லீக்’, ‘வைரல்’ என்ற சொற்கள் வேண்டாம். கருத்துப் பகுதியை முதல் இரண்டு நாள் ஒருவர் முறை வைத்துப் பார்க்கட்டும். “அந்த வீடியோ எங்கே” என்று கேட்டு வரத்தான் போகிறார்கள். அந்தக் கருத்துகளை அழிக்குமுன் பெயர்களை மறைத்துப் பிரதி எடுத்து வையுங்கள், உங்கள் அடுத்த வகுப்புக்கு உதவும்.